வெண்குட்டம் என்னும் பெயரும் மேனி என்னும் சொல்லும்

முன்னுரை

தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் அழிவதனால் உடலில் பால்போன்ற வெள்ளைத் திட்டுகள் தோன்றும் நிலையை மருத்துவ உலகம் விட்டிலிகோ என வழங்குகின்றது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் உயிரணுக்களையே பகையெனக் கொண்டு தாக்குவதால் இது நேர்கின்றது. இது தொற்றுவதன்று, தொடு உணர்ச்சியைப் போக்குவதும் அன்று. உலக மக்களுள் நூற்றுக்கு அரை முதல் இரண்டு பேர் வரை இதனை உடையர் என மதிப்பிடுவர். தொழுநோயோ ஒருவகை நுண்ணுயிரால் வருவது. அந்நுண்ணுயிரை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். இரண்டிற்கும் காரணத்தாலோ போக்காலோ தொடர்பு இல்லை. ஆயினும் தமிழில் முன்னதற்கு நெடுங்காலம் வழங்கி வந்த பெயர் வெண்குட்டம், வெண்குஷ்டம் என்பதே. அண்மைக்காலத்தில் வெண்புள்ளி என்னும் சொல் பரவி வரினும், பழைய பெயர் பேச்சிலும் எழுத்திலும் இன்றும் எஞ்சி நிற்கின்றது.

ஒரு பெயரால் மணப்பேச்சு முறிவதும், பள்ளிப் பிள்ளை தனித்து அமர்த்தப்படுவதும் நம் நாட்டில் அறியாதன அல்ல. எனவே இது மருத்துவர்க்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. சொல்லாராய்ச்சி செய்வோர்க்கும் உரியது. இப்பெயர் எவ்வாறு நிலைபெற்றது, தமிழ் இலக்கிய மரபு மேனியின் நிறமாற்றத்தை வேறெவ்வாறு பேசியுள்ளது, பெயர் மாற்றம் மட்டும் போதுமா என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய்கின்றது.

குட்டம் - வகைப்பெயரும் உள்வேறுபாடும்

வடமொழி மருத்துவ நூல்கள் இந்நிலையைச் சுவித்திரம், கிலாசம் என்னும் பெயர்களால் சுட்டும். அதர்வ வேதத்தின் முதற்காண்டத்திலேயே கிலாசத்தைப் போக்கக் கருநிற மூலிகையை வேண்டும் பாடல்கள் உள்ளன. சுசுருத சங்கிதையின் நிதானப் பகுதி கிலாசத்தைக் குட்டத்தின் ஒரு வேறுபாடாகவே வைக்கின்றது. ஆனால் அவ்விடத்திலேயே, இது தோலளவில் நிற்பது, நீர் கசியாதது என்று கூறி ஏனைய குட்டங்களினின்று பிரித்தும் காட்டுகின்றது. வகையுள் அடக்கிய ஆசிரியரே வேற்றுமையையும் கண்டிருத்தல் இங்கு நோக்கத்தக்கது.

மருத்துவ நூல்களுக்கு வெளியிலும் இவ்வேறுபாடு அறியப்பட்டிருந்தது. மணவுறவுக்கு விலக்கத்தக்க குடிகளைப் பட்டியலிடும் மனுநூலின் மூன்றாம் அத்தியாயம், சுவித்திரம் உடைய குடியையும் குட்டம் உடைய குடியையும் தனித்தனியே எண்ணுகின்றது. துறவு பூணுதற்குத் தடையாகப் பாலி விநய நூல் கூறும் ஐந்து நோய்களுள்ளும் குட்டமும் கிலாசமும் வேறுவேறாகவே வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் வேறெனக் கண்டும் இரண்டையும் ஒருங்கே விலக்கினர் என்பதே இச்சான்றுகள் தரும் செய்தி. விலக்குதற்குக் காரணம் அறியாமை மட்டும் அன்று என்பது இதனால் புலனாகின்றது.

அக்காரணம் யாதெனச் சரக சங்கிதை தெளிவாகவே கூறுகின்றது. பொய்யுரை, நன்றி மறத்தல், தேவரை நிந்தித்தல், ஆசிரியரை இகழ்தல், தீச்செயல், முற்பிறப்பு வினை ஆகியவற்றை ஒவ்வா உணவோடு ஒருசேரச் சுவித்திரத்தின் காரணங்களாக அந்நூல் அடுக்குகின்றது. ஆடை திருடியவன் மறுபிறப்பில் வெண்மேனி பெறுவான் என்பது மனுநூலின் பதினோராம் அத்தியாயம் தரும் கருத்து. தோலின் நிறம் இங்கு ஒழுக்கத்தின் சாட்சியாக்கப்படுகின்றது. நோயுற்றவர் மருந்துக்கு உரியவராக மட்டும் இன்றி, விடை கூறவேண்டிய குற்றவாளியாகவும் நிறுத்தப்படுகின்றார்.

சித்த மருத்துவ மரபும் குட்டத்தைப் பதினெட்டாக வகுக்கும் முறையை உடையது. எனினும் அம்மரபில் வெண்படை என்னும் விளக்கச் சொல்லும் வழங்குகின்றது. படை என்பது தோலிற் படர்வதைக் குறிக்குமேயன்றி வினைப்பயனைக் குறிக்காது. பொதுவழக்கோ வகைப்பெயரை வைத்துக்கொண்டு உள்வேறுபாட்டைக் கைவிட்டது எனலாம்.

மொழிபெயர்ப்பின் பங்கு

இக்குழப்பத்தை மிகுவித்த பிறிதொரு காரணம் விவிலிய மொழிபெயர்ப்பாகும். லேவியராகமம் பதின்மூன்றாம் அதிகாரம் விரித்துரைக்கும் எபிரேய ‘சாராத்’ என்பது தோலில் தோன்றும் பலவகை மாற்றங்களின் பொதுப்பெயர். ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் தோன்றும் கறைகளுக்கும் அந்நூல் அப்பெயரையே வழங்குவதால், அது தொழுநோயை மட்டும் குறித்ததாகாது. கிரேக்க மொழிபெயர்ப்பு இதனை லெப்ரா என்றது. தமிழ் விவிலியம் குஷ்டரோகம் என்றது. உடல் முழுதும் வெளுத்தவனைத் தூயவன் என்று ஆசாரியன் அறிவிக்கவேண்டும் என அவ்வதிகாரமே விதிக்கின்றது. ஆயினும் வெண்மையும் குஷ்டமும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து நின்றமையால், படிப்போர் நெஞ்சில் இரண்டும் ஒன்றாகப் பதிந்தன. இருவேறு சமய மரபுகளின் சொற்கள் ஒரே தமிழ்ச் சொல்லில் வந்து கலந்தமை இதன் வரலாற்றில் குறிப்பிடத்தக்க திருப்பமாகும்.

அண்டை மொழிகளின் வழக்கு

குஷ்டம் என்னும் வடசொல்லின் திரிபாகிய கோட் என்பது மராத்தியில் வெண்புள்ளியையும், அதே வேரினின்று வந்த கோட் என்பது இந்தியில் தொழுநோயையும் குறிக்கின்றன. ஒரே வேர் இரு மொழிகளில் இரு நிலைகளுக்குப் பெயராகியுள்ளமை குழப்பம் தமிழ்க்கு மட்டும் உரியதன்று என்பதைக் காட்டும். திராவிட மொழிகளுள் தெலுங்கில் பொல்லி, கன்னடத்தில் தொன்னு, மலையாளத்தில் வெள்ளப்பாண்டு என்பன வழங்குகின்றன. இவற்றுள் எதிலும் குட்டம் இல்லை. ஆயினும் அம்மொழி பேசுவோரிடையே இந்நிலை இழிவினின்று விடுபட்டதாகக் கூறவியலாது. பெயரில் குட்டம் இல்லாத இடத்தும் விலக்கு உண்டு என்னும் இவ்வுண்மை, பெயர் மாற்றத்தையே முழுத்தீர்வாகக் கருதுவோர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

சங்க இலக்கியத்தில் மேனி

தமிழில் மேனி என்னும் சொல் உடலையும் குறிக்கும், நிறத்தையும் குறிக்கும், அழகையும் குறிக்கும். நிறம் மாறினால் தானே மாறிவிட்டதாக ஒருவர் உணர்வதற்கு இச்சொல்லிலேயே இடமுண்டு. சங்க அகப்பாடல்கள் மேனியின் நிறவேறுபாடுகளுக்கு நுட்பமான சொற்றொகுதி ஒன்றைக் கொண்டுள்ளன. மாந்தளிர் போன்ற நிறத்தை மாமை என்றும், தோலிற் படர்ந்த புள்ளிகளைச் சுணங்கு, திதலை என்றும், பிரிவால் வரும் நிறக்கேட்டைப் பசலை என்றும் அவை வழங்கும். சுணங்கு வேங்கைப் பூவின் தாதோடு உவமிக்கப்பட்டு அழகின் அடையாளமாகப் போற்றப்படுகின்றது. அதனோடு ஒத்த பொருளதாக உரைகளில் காணும் தேமல் என்னும் சொல் இன்று பூஞ்சையால் வரும் தோல்நோய்க்குப் பெயராகிவிட்டது. அழகுச் சொல் நோய்ச் சொல்லாக இழிந்த இவ்வரலாறு தனியே ஆராயத்தக்கது.

நம் பொருளுக்கு மிக அணுக்கமானது பசலை. வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகை 27ஆம் பாடலில் திதலையும் மாமையும் பசலையும் ஒருங்கே வருகின்றன. கன்றும் உண்ணாமல், கலத்திலும் விழாமல் நிலத்தில் சிந்திய பால்போல, தன் அழகு தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் உதவாமல் பசலைக்கு இரையாவதாகத் தலைவி கூறுகின்றாள். பரணரின் குறுந்தொகை 399ஆம் பாடல், தொடுந்தோறும் விலகி, விடுந்தோறும் பரவும் ஊருணிப் பாசியைப் பசலைக்கு உவமையாக்குகின்றது. திருக்குறளில் பசப்புறு பருவரல் என ஓர் அதிகாரமே உண்டு. அங்கே தலைவி சற்றே புடைபெயர்ந்த அளவில் பசப்பு அள்ளிக்கொள்கின்றது. இவ்விடங்களில் மூன்று கூறுகள் புலப்படுகின்றன. நிறமாற்றம் கூர்ந்து நோக்கி விளக்கப்படுகின்றது. அதன் துயர் மறைக்கப்படவில்லை. அத்துயரைத் தன் மேனியில் உடையவளே தன் வாயால் உரைக்கின்றாள். நிறம் மாறியமைக்கு அவள்மேல் பழி சுமத்தப்படுவதில்லை. பழி இருப்பின் அது பிரிந்தவனுக்கே உரியது.

இவ்விடத்தில் ஒரு தடை எழுதல் இயல்பு. பசலை இலக்கிய மரபு. வெண்புள்ளி உடற்கூற்று உண்மை. இரண்டையும் இணைப்பது பொருந்துமா என வினவலாம். சுணங்கோ பசலையோ வெண்புள்ளிதான் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அவ்வாறு கூறின் அது சான்றற்ற கூற்றாகும். சுணங்கைப் போற்றும் குரல் பெரும்பாலும் ஆடவர் நோக்கினது என்பதும், பசலை அழகின் இழப்பாகவே பாடப்படுகின்றது என்பதும் மறுக்கத்தக்கன அல்ல. இங்கு வலியுறுத்தப்படுவது பொருளின் ஒற்றுமை அன்று. சொல்லும் முறையின் வேறுபாடு. சரகர் காரணம் கேட்கும் இடத்தில் அகப்பாடல் வருணனை செய்கின்றது. மனுநூல் மூன்றாம் ஆளாக நின்று விதிக்கும் இடத்தில் அகப்பாடல் தன்மையிடத்தில் பேசுகின்றது. தோலைப் பற்றி எழுத விழைவோர்க்குத் தமிழ் தரும் முன்மாதிரி இதுவே.

இக்காலக் கலைகளுள் இதற்கு நெருங்கிய முயற்சி ஒன்று மராத்தியில் காணப்படுகின்றது. சுமித்ரா பாவே, சுனில் சுக்தங்கர் இருவரும் இயக்கிய நிதள் என்னும் திரைப்படம் (2006) வெண்புள்ளியுடைய இளம்பெண்ணை மையமாகக் கொண்டது. நிதள் என்னும் சொல்லுக்குத் தெளிந்தது, களங்கமற்றது என்பது பொருள். களங்கம் என்று பிறர் கருதுவதை உடையவளின் கதைக்குத் தெளிவைத் தலைப்பாக்கியமை அப்படத்தின் வாதத்தைத் தலைப்பிலேயே உணர்த்துகின்றது.

நலவாழ்வு எழுத்துகளும் பேணல் என்னும் கருத்தும்

இன்று பொதுமக்கள் இந்நிலையைப் பற்றி மிகுதியும் படிப்பது நலவாழ்வுக் கட்டுரைகளையும் விளம்பரங்களையுமே. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம், வெண்புள்ளியைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றது. அதன் அட்டவணை தொழுநோயையும் வெண்புள்ளியையும் தனித்தனியே குறிப்பிடுகின்றது. சட்டம் பிரித்துரைத்ததைப் பொதுவழக்கு இன்னும் பிரிக்கவில்லை.

மரபறிவில் கொள்ளத்தக்கது இல்லை என்பது இதனால் பெறப்படாது. பழிகூறிய அதே மருத்துவ மரபு மூலிகையையும் வெயிலையும் இணைத்துப் பயன்படுத்தியது. அம்மரபு போற்றிய கார்போக அரிசியில் உள்ள சொராலன் என்னும் வேதிப்பொருள் தோலின் ஒளியுணர்வை மிகுவிப்பது. அதே இனப் பொருளை எகிப்திய மூலிகை ஒன்றினின்று பெற்று, மருத்துவர் எல் மோஃப்தி 1940களில் வெண்புள்ளிக்குப் பயன்படுத்தினார். பின்னர்ப் புற ஊதா ஒளி மருத்துவம் வளர்ந்தது. 2022இல் ருக்சோலிட்டினிப் என்னும் களிம்புக்கு அமெரிக்க மருந்து நிருவாகம் ஒப்புதல் அளித்தது. இவற்றால் பலர்க்கு நிறம் மீள்கின்றது. எல்லார்க்கும் முழுதும் மீள்வதில்லை. கார்போக அரிசியை மருத்துவர் துணையின்றிப் பூசி வெயிலில் நிற்பின் தோல் கொப்பளித்துப் புண்ணாகும்.

ஆகவே நாள்தோறும் வேண்டப்படுவது தோலைப் பேணுதல். நிறமி இழந்த தோல் வெயிலில் விரைந்து கன்றுமாதலின், முப்பதுக்குக் குறையாத காப்பளவுடைய சன்ஸ்கிரீனும் உடலை மூடும் பருத்தி ஆடையும் வேண்டும். உராய்வும் காயமும் பட்ட இடத்தில் புதிய திட்டு தோன்றக்கூடும் என்பதால் இறுகிய ஆடையையும் வன்மையாகத் தேய்ப்பதையும் தவிர்த்தல் நலம். கடுமையற்ற சவர்க்காரமும் ஈரப்பதம் காக்கும் களிம்பும் தோலுக்கு உதவுவன. ஒட்டுப்பொட்டின் பசையிலும் ரப்பர்ச் செருப்பிலும் உள்ள சில வேதிப்பொருள்கள் தாமே நிறத்தைப் போக்குவன என்பது நம் நாட்டுப் பெண்டிர் அறியவேண்டிய செய்தி. தைராய்டு குறைபாடு உடன் இருக்கக்கூடுமாதலின் அதற்கான ஆய்வும் செய்துகொள்ளத்தக்கது.

இவற்றை எடுத்துரைக்கும் எழுத்துகளின் நடையே இங்குத் திறனாய்வுக்கு உரியது. ‘பீடிக்கப்பட்டவர்’, ‘அவதியுறுவோர்’, ‘குறையை மறைக்க’ என்னும் தொடர்கள் அவற்றுள் மலிந்துள்ளன. மறைப்புப் பூச்சை ஒருவர் விரும்பி அணிதல் அவர் உரிமை. அதனைக் கடமையாக்குவது நடையின் குற்றம். பேணல் என்னும் சொல் காத்தல், விரும்புதல், மதித்தல் என்னும் மூன்று பொருளையும் தருவது. தோலை மதியாது காக்கச் சொல்லும் அறிவுரை பேணல் ஆகாது.

இவ்வெழுத்துகளில் தவறாது வரும் இன்னொரு தொடர் ‘இது தொழுநோய் அன்று’ என்பது. இது உண்மை, கூறப்படவும் வேண்டும். ஆனால் அதன் ஆறுதல், இழிவு வேறொருவர்க்கு உரியது என்னும் எண்ணத்தில் நிற்குமாயின் பழைய விலக்கே வேறிடத்தில் நிலைபெறும். தொழுநோயும் இன்று கூட்டு மருந்தால் குணமாவது. அதனை மணமுறிவுக்குக் காரணமாக்கிய சட்டப்பிரிவுகளை 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் நீக்கிவிட்டது. தொழுநோயைத் தாழ்த்தி வெண்புள்ளியை உயர்த்துவது அறமன்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால், வெண்குட்டம் என்னும் பெயர் பழநூல்களே கண்ட வேறுபாட்டைக் கைவிட்டு வகைப்பெயரையும் வினைப்பழியையும் மட்டும் தக்கவைத்துக்கொண்டது என்பது பெறப்படும். வெண்புள்ளி, வெண்படை என்பன கண்டதைக் கண்டவாறு கூறும் விளக்கச் சொற்கள், ஆதலின் ஏற்கத்தக்கன. ஆயினும் குட்டம் இல்லாப் பெயர்களை உடைய அண்டை மொழிகளிலும் விலக்கு நிலவுவதால், பெயரோடு நடையும் மாறவேண்டும். அகராதி தொகுப்போரும் பாடநூல் எழுதுவோரும் வெண்குட்டம் என்பதை வழக்கிறந்த சொல்லெனக் குறித்து, தொழுநோய் என்னும் பொருள் விளக்கத்தை அதனினின்று நீக்குதல் முதற்பணியாகும். வெண்புள்ளி உடையோர் தம் மேனியைப் பற்றித் தாமே எழுதும் எழுத்துகளைத் தேடித் தொகுத்தல் அடுத்த பணி. தலைவியின் கூற்றுக்கு முதலிடம் தந்த இலக்கியத்தைக் கற்பிக்கும் துறைகள், இப்பணியைத் தமக்குரியதாகக் கொள்ளுதல் பொருத்தமாகும்.