பாகவதர் கிராப்பு: ஒரு சமுதாய நோக்கு

கலை இலக்கியங்களைச் சமுதாயக் கண்கொண்டு நோக்கும் ஓர் ஏட்டில் ஒரு நடிகரின் தலைமுடியைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். நகைக்கட்டும். எம். கே. தியாகராஜ பாகவதரின் இசையைப் பற்றி எழுதியோர் பலர். அவர் சிறை சென்று மீண்ட கதையை உருகி உருகி எழுதியோர் அவர்களினும் பலர். ஆயினும், அவர் காலத்து இளைஞர்கள் அவரிடமிருந்து தமதாக எடுத்துக்கொள்ள முடிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அந்தக் குரல் எவருக்கும் வாய்க்கவில்லை. அவர் உடுத்திய பட்டும், காதில் மின்னிய வைரக் கடுக்கனும் கூலிக்காரனுக்கும் குமாஸ்தாவுக்கும் எட்டாதவை. தோள்வரை வளர்த்துப் பின்புறமாக வாரிவிட்ட அந்த முடி மட்டும் காசு கேட்கவில்லை. பொறுத்திருந்தவனுக்குத் தானே வளர்ந்தது.

பழைய ரசிகர்கள் எழுதும் நினைவுக் கட்டுரைகளில் இந்த முடி ஒரு பெருமூச்சுக்கு உரிய பொருள், 'அதுவல்லவோ அழகு!' என்பதோடு அவர்கள் நின்றுவிடுகின்றனர். நம் தோழர்களோ 'சினிமா மோகம்' என்ற இரண்டு சொற்களால் அதனைத் தள்ளிவிடுகின்றனர். அழகென்று போற்றினாலும் மோகமென்று தூற்றினாலும், ஒரு கேள்வி கேட்கப்படாமலே நிற்கிறது. குறிப்பிட்ட அந்த முடி, குறிப்பிட்ட அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில், ஏன் அத்தனை தலைகளில் ஏறியது? ஏன் இறங்கியது?

விடைக்கான முதற் சான்று பெயரிலேயே இருக்கிறது. 'கிராப்பு' என்னும் சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தது. முடியை ஒட்ட வெட்டுதல் என்பது அதன் பொருள். பாகவதரின் முடியோ தோளில் புரள்வது. வெட்டாத முடிக்கு 'வெட்டிய முடி' என்று பெயர் வைத்த நம் மக்கள் மொழியறியாதவர் அல்லர். அவர்கள் கண்ணில் ஆணின் தலை இரண்டே வகைப்பட்டது: குடுமி ஒன்று, குடுமியல்லாதது மற்றொன்று. குடுமியல்லாதது எதுவாயினும், எத்தனை நீளமாயினும், அது கிராப்பு. சொற்பொருள் ஆராய்வோர் அகராதியை மூடிவைத்துவிட்டுக் கவனிக்க வேண்டிய இடம் இது.

குடுமி வெறும் முடியன்று. முன்குடுமியா பின்குடுமியா, எத்தனை அகலம், எந்தப் பக்கம் முடிச்சு என்பவற்றைக் கொண்டே ஒருவனின் சாதியையும் ஊரையும் படித்தறிய முடிந்த காலம் ஒன்று இருந்தது. கிறித்தவரான தமிழர் குடுமி வைத்திருக்கலாமா என்ற சச்சரவு பாதிரிமாரிடையே மூண்டபோது, கால்டுவெல் 1867-இல் குடுமியைப் பற்றித் தனியாக ஒரு சிறுநூலே எழுதினார். காசிக்குச் சென்ற பாரதி குடுமியை நீக்கி மீசை வளர்த்தபோது அது குடும்பத்தாருக்கு ஓர் அதிர்ச்சியாயிற்று. குடுமியை நீக்குவது ஒரு விடுதலை, ஐயமில்லை. ஆனால் நீக்கியபின் தலையில் என்ன வைப்பது? எதிரே நின்றது துரைமாரின் ஒட்டக் கிராப்பு. அது கந்தோர்ச் சேவகத்தின் அடையாளம். வைதிகத்தின் பிடியிலிருந்து தலையை மீட்டுத் துரையின் கத்தரியிடம் கொடுப்பதா என்ற தயக்கம், தேசிய உணர்ச்சி கொந்தளித்த 1930-களின் இளைஞனுக்கு இருந்தது இயல்பே. (இத்தனையும் ஆணின் தலைக்குத்தான். அதே காலத்தில் வைதிக வீடுகளில் கணவனை இழந்த பெண்ணின் தலைக்கு ஒரே வழிதான் இருந்தது. அவளைக் கேட்காமலே சவரக்கத்தி வந்தது.)

இந்தத் தயக்கத்திற்குத்தான் பாகவதரின் தலை ஒரு விடையாக அமைந்தது. குடுமியின் நீளம் அதில் இருந்தது, முடிச்சு இல்லை. கிராப்பின் நாகரிகம் இருந்தது, துரையின் சாயல் இல்லை. எந்தச் சாதிக்கும் உரித்தல்லாத தலை அது. 1910-இல் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பமொன்றில் பிறந்து, திருச்சியில் நாடக மேடையேறி, சங்கீதம் ஒரு சாராரின் தனியுடைமைபோல் இருந்த நாளில் 'பாகவதர்' என்ற பட்டத்தோடு உலவிய ஒருவரின் தலையில் அது தோன்றியதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை.

மேடையிலிருந்து திரைக்கு வந்ததில் மற்றொரு மாற்றமும் உண்டு. பழைய இசை நாடகத்தின் ராஜபார்ட், விடிந்ததும் டோப்பாவைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுச் சாதாரண மனிதனாய்ப் பழஞ்சோறு உண்டான். பாகவதரின் முடியோ அவருடைய சொந்த முடி. திரையில் அர்ச்சுனனுக்கு இருந்த தலையே கச்சேரி மேடையிலும் புகைவண்டி நிலையத்திலும் இருந்தது. வேடத்திற்கும் ஆளுக்கும் இடையிலிருந்த கோடு அழிந்தது. நட்சத்திரம் என்ற புதிய வகை மனிதன் தமிழில் பிறந்தது அந்த இடத்திலேதான்.

1934-இல் 'பவளக்கொடி' தொடங்கி 1944-இல் 'ஹரிதாஸ்' வரை ஒன்பது படங்கள். புராண வீரன், அம்பிகாபதி என்னும் கவிஞன், குயவரான திருநீலகண்டர், அசோகனின் மகன் குணாளன், ஊதாரியாயிருந்து பக்தனான ஹரிதாஸ் என்று பாத்திரங்கள் மாறின. தலை ஏறக்குறைய ஒன்றே. குயவனுக்கும் இளவரசனுக்கும் ஒரே முடி! யதார்த்தத்தை வேண்டும் நாம் இதனைக் குறையென்றே சொல்வோம்; குறைதான். உழைப்பின் அழுக்கு அந்த முடியில் ஒருபோதும் படியவில்லை. ஆனால் தரை டிக்கட்டில் அமர்ந்திருந்தவன் அதனை வேறுவிதமாகக் கண்டிருக்கலாம். குயவனின் தலையும் இளவரசனின் தலையும் ஒன்றாயிருக்கும் உலகம் அவனுக்கு அந்த மூன்று மணி நேரத்தில் மட்டுமே கிடைத்தது. வெளியே வந்தால் யுத்தம், பங்கீட்டு அரிசி, கறுப்புச் சந்தை. 1944 தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அந்த ஓட்டத்தின் பெரும்பகுதியில், திரையில் பாடிய மனிதர் இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைக்குள் இருந்தார்.

1947 ஏப்ரலில் விடுதலையாகி வந்த பாகவதரை அதன்பின் மக்கள் ஏற்கவில்லை. சிறையே அவரை அழித்தது என்பது நினைவுக் கட்டுரையாளரின் தீர்ப்பு. இதனை என்னால் ஒப்ப முடியவில்லை. அதே வழக்கில், அதே சிறையில், அதே காலம் இருந்துவிட்டு அதே நாளில் வெளிவந்தவர் என். எஸ். கிருஷ்ணன். அவர் 1949-இல் அண்ணாதுரையின் எழுத்தில் 'நல்லதம்பி'யையும், 1951-இல் கருணாநிதியின் எழுத்தில் 'மணமகள்' என்ற படத்தையும் மக்களுக்குக் கொடுத்தார், மக்கள் ஏற்றனர். சிறை இருவருக்கும் பொது. வேறுபட்டது, புதிய காலத்தோடு அவரவர் கொண்ட உறவு. பாகவதர் 'ராஜமுக்தி' என்று மீண்டும் அரண்மனைக்கே போனார். (அந்தப் படத்திற்கு உரையாடல் எழுதப் புனா சென்ற புதுமைப்பித்தன் காசநோயாளியாய்த் திரும்பி 1948-இல் திருவனந்தபுரத்தில் மாண்டார். ஒரு நடிகரின் வீழ்ச்சிக்குச் சிந்தும் கண்ணீரில் ஒரு துளியையாவது நம் ரசிகர்கள் இந்தப் பக்கம் திருப்பினால் நன்று.)

1952-இல் 'பராசக்தி'யின் நாயகன் குட்டையாக வெட்டிய தலையோடு நீதிமன்றத்தில் நின்று பேசினான். அதே ஆண்டில் பாகவதரின் 'அமரகவி' வந்தது; நீண்ட முடியோடுதான் வந்தது. இதற்குள் நகரத்து இளைஞரிடையே குடுமி ஏறத்தாழ மறைந்துவிட்டது. குடுமியே இல்லாத இடத்தில் 'குடுமியல்லாத தலை' என்பதற்குப் பொருளேது? துரையும் போய்விட்டான், ஒட்டக் கிராப்பு வைப்பது அடிமைத்தனம் என்ற கூச்சமும் அவனோடு போயிற்று. பாகவதரின் முடி மாறவில்லை. அது எந்தக் கேள்விக்கு விடையாயிருந்ததோ அந்தக் கேள்வி தீர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் முன்னேற்றத்தின் சின்னமாயிருந்தது, ஓர் இழைகூட மாறாமலே பழைமையின் சின்னமாயிற்று. 1959 நவம்பர் முதலாந் தேதி அவர் இறந்தபோது அந்தக் கிராப்பு நாற்பது வயது கடந்தோரின் தலைகளில்தான் மிச்சமிருந்தது என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மேல்நாட்டில் இதற்கு நேர்மாறான கதை நடந்தது. அங்கே நட்சத்திரத்தின் தலை காலத்திற்குச் சற்று முன்னதாகவே மாறிக்கொண்டிருந்தது. 1958 மார்ச்சில் அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி படையில் சேர்க்கப்பட்டபோது, அவருடைய புகழ்பெற்ற முடியை இராணுவ நாவிதர் வெட்டுவதைப் படமெடுக்கப் பத்திரிகையாளர் கூட்டமே திரண்டது. வெட்டுண்ட முடியும் விளம்பரமாயிற்று. அந்தக் கருமையே சாயம் என்பது வேறு கதை. பீட்டில்ஸ் குழுவினரின் நெற்றி மறைக்கும் முடி 1964-இல் அமெரிக்கா சென்றபோது, அதேபோன்ற டோப்பாக்கள் கடைகளில் விலைக்கு வந்தன. காசில்லாமல் வளரக்கூடிய ஒன்றையும் காசாக்கத் தெரிந்த அமைப்பல்லவா அது! அக்குழுவின் ஜான் லென்னன் பின்னர் மீசை வைத்தார், தோள்வரை வளர்த்தார், சமாதானத்தின் பெயரால் அந்த முடியைக் கொடியாக்கினார். 1970 ஜனவரியில் டென்மார்க்கில் அதனை ஒட்ட வெட்டி, இலண்டன் கறுப்பின மக்களுக்கான மையமொன்றிற்கு நிதிதிரட்டக் கொடுத்தார். நல்ல நோக்கந்தான். ஆயினும், தன் தலையில் வளர்ந்ததே ஒரு சரக்காகிவிட்டதென்பதை அவரே ஒப்புக்கொண்ட செயல் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் பக்கத்தில் இந்தக் கலையை முற்றக் கற்றவர் நம் மலைநாட்டில், கண்டிப் பகுதியில் பிறந்த எம்.ஜி.ஆர். 1970-களில் அவருடைய தலையை வெள்ளைத் தொப்பி மூடிக்கொண்டது. முதுமை என்ற ஒன்று மக்கள் கண்ணில் படாமலே போயிற்று. 1987 டிசம்பரில் இறுதி ஊர்வலத்திலும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் உடன் சென்றன. ரஜினிகாந்த் மறுகோடியில் நின்றார். நெற்றியில் விழும் முடியைக் கோதிக்கோதியே பேர்பெற்றவர், பிற்காலத்தில் வழுக்கைத் தலையோடு பொதுமேடையில் அமர்ந்தார், திரையில் டோப்பா அணிந்தார். ராஜபார்ட்டின் பெட்டி மீண்டும் திறக்கப்பட்டுவிட்டது. இதனை நேர்மை என்பாருண்டு. வேடத்தை வேடமென்று காட்டியும் அதே விலைக்கு விற்கமுடியும் என்ற நிலை வந்துவிட்டது என்பேன் நான்.

இந்தக் கதையில் கத்தரி பிடித்தவனுக்கும் ஓர் இடம் உண்டு. ஊர்ப்புறங்களில் நாவிதர், சாதிக் கடமை என்ற பெயரால் வீட்டுப் பின்புறத்தில் நின்று, ஆண்டுக்கொருமுறை அளக்கும் நெல்லுக்காக முடி வெட்டினார். தாழ்த்தப்பட்டோர் தலையைத் தொடக்கூடாதென்று அவரையே தடுத்தும் வைத்தனர். சலூன் வந்தபோது வாடிக்கைக்காரர் அவரிடம் வர நேர்ந்தது, கூலி காசாயிற்று. சுவரில் நடிகர் படமும், பலகையில் செய்தித்தாளும் வந்தன. தமிழ்நாட்டில் பகுத்தறிவு இயக்கத்தின் ஏடுகளைப் பலர் வாய்விட்டு வாசித்துக் கேட்ட இடங்களில் சலூனும் ஒன்று. பாகவதரின் முடியைச் செப்பனிட்டவர் யாரென்பதை நான் படித்த எந்த நினைவுக் கட்டுரையும் சொல்லவில்லை.

மாத்தளையின் சலூன்களில் இன்றும் படங்கள் தொங்குகின்றன; முகங்கள்தாம் வேறு. தோட்டத்து லயத்திலிருந்து பாடசாலைக்கு வரும் பையன் அப்படங்களுள் ஒன்றைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு வருகிறான். காலைக் கூட்டத்தில் அவனை வெளியே அழைத்து, எல்லோரும் காண, பக்கவாட்டில் ஒரு கொத்து வெட்டிவிட்டு அனுப்பும் வழக்கம் நம் ஆசிரியருள் சிலரிடம் இருக்கிறது. ஒழுக்கம் என்று அதற்குப் பெயர். சப்பாத்தும் கைக்கடிகாரமும் பிறர் வாங்கித் தரவேண்டியவை. முடி ஒன்றே அவனுக்குச் சொந்தம். 'யாரைப் பார்த்து வைத்தாய்?' என்று கேட்கிறோம். எதற்கு விடையாக வைத்தான் என்று கேட்பதில்லை. லயத்துப் பையன் என்று தன்னை எவரும் முதற்பார்வையிலேயே படித்துவிடக் கூடாதென்று அவன் எண்ணியிருக்கலாம். அப்படியாயின் 1930-களில் குடுமியை அவிழ்த்த இளைஞனின் கேள்வியே இன்னும் இங்கே தீராமல் கிடக்கிறது. அப்படி இல்லாமல், வெறும் விளையாட்டாகவும் இருக்கலாம். அவனைக் கேட்டால் தெரியும், கத்தரி கேட்பதில்லை. தமிழ்த்தினப் போட்டி வரும்போது, நாடகத்தில் அரசனாக நிற்கவேண்டிய அதே பையனுக்காக நாங்கள் டோப்பா தேடிப் புறப்படுகிறோம்.