பகடையும் பனிமூட்டமும்

சதுரங்கம் ஆடியிருப்பீர்கள். பரமபதமும் ஆடியிருப்பீர்கள். இரண்டும் நம் நாட்டில் பிறந்தவைதாம். ஆயினும் இரண்டிற்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. சதுரங்கத்தில் தற்செயலுக்கு இடமே இல்லை. காய்கள் அனைத்தும் கண்முன் நிற்கின்றன. தோற்றவர் தம்மைத்தான் நொந்துகொள்ள வேண்டும். பரமபதத்திலோ அறிவுக்கு வேலையே இல்லை. ஏணியும் பாம்பும் பகடையின் கையில்.

உண்மையான போர் இவ்விரண்டில் எதைப் போன்றது? இக்கேள்விக்கு அட்டையையும் பகடையையும் கொண்டே விடை காண முயன்றவை போர் விளையாட்டுகள். நான்கு, ஐந்து பத்தாண்டுகளுக்கு முன் அவற்றை ஆடியவர்கள் இன்றும் அவற்றை ஏக்கத்துடன் நினைவுகூர்கிறார்கள். அந்த ஏக்கம் எவ்வளவு தூரம் நியாயமானது? தற்செயல், வானிலை என்ற இரு உரைகற்களில் அவற்றை உரைத்துப் பார்ப்போம்.

பகடை ஏன் வந்தது?

1824ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டுப் பீரங்கிப் படை அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ் என்பவர், தம் தந்தை தொடங்கிய ஒரு போர் விளையாட்டைத் திருத்தி வெளியிட்டார். அதற்கு முந்தைய போர் விளையாட்டுகள் சதுரங்கத்தின் நீட்டிப்புகளாகவே இருந்தன. ரைஸ்விட்ஸோ 1:8000 என்ற அளவில் வரைந்த நிலப்படத்தைப் பயன்படுத்தினார். நடுவர் ஒருவர் உண்டு. எதிரியின் படைகளில் கண்ணுக்குத் தெரியக்கூடியவற்றை மட்டுமே அவர் ஆடுவோருக்குக் காட்டுவார். சுடும்போது ஏற்படும் இழப்பைப் பகடையும் அட்டவணையும் தீர்மானித்தன.

பீரங்கிப் படையைச் சேர்ந்தவர் பகடையை நாடியதில் வியப்பில்லை. ஒரே பீரங்கி, ஒரே தொலைவு, ஒரே அளவு மருந்து; எனினும் குண்டுகள் ஒரே இடத்தில் விழுவதில்லை. ஒரு குண்டு எங்கே விழும் என்று கூற இயலாது. நூறு குண்டுகள் எவ்வாறு சிதறி விழும் என்று கூற இயலும். நிகழ்தகவு என்பதன் உட்பொருள் இதுவே அல்லவா?

1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற மற்றொரு பிரஷ்ய அதிகாரி, பகடையையும் அட்டவணையையும் விட்டுவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பையே நம்பலாம் என்றார். ஆட்டம் விரைவாக நடந்தது. ஆனால் நடுவர் ஒருதலையாக நடந்தால் என்ன செய்வது? இந்த வினாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

அறுகோணக் கட்டங்கள்

பொதுமக்களுக்கான போர் விளையாட்டுத் தொழில், அமெரிக்காவில் சார்லஸ் ராபர்ட்ஸ் 1954இல் வெளியிட்ட டாக்டிக்ஸ் என்ற ஆட்டத்துடன் தொடங்கியது எனலாம். 1958 முதல் அவருடைய நிறுவனம் அவலான் ஹில் என்ற பெயரில் இயங்கியது. டி-டே (1961), வாட்டர்லூ (1962), ஆஃப்ரிக்கா கோர் (1964), மிட்வே (1964) என வரிசையாகப் பெட்டிகள் வெளிவந்தன.

பெட்டியைத் திறந்தால் அறுகோணக் கட்டங்கள் நிறைந்த நிலப்படமும் சிறுசிறு அட்டைக் காய்களும் இருக்கும். அறுகோணம் ஏன்? சதுரக் கட்டத்தில் பக்கவாட்டில் நகர்ந்தால் தொலைவு 1. மூலைவிட்டத்தில் நகர்ந்தால் 1.414. அறுகோணத்திலோ சுற்றியுள்ள ஆறு கட்டங்களின் மையங்களும் ஒரே தொலைவில் உள்ளன. எளிய வடிவியல் ஒரு பெரிய தொல்லையைத் தீர்த்துவிட்டது!

சண்டைக்கு விதி இது: தாக்குபவரின் வலிமையை எதிர்ப்பவரின் வலிமையால் வகுத்து 1:1, 2:1, 3:1 என்று விகிதம் காண வேண்டும். பின் பகடையை உருட்டி, அந்த விகிதத்திற்குரிய பத்தியில் முடிவைப் பார்க்க வேண்டும். விகிதம் கூடக்கூட வெற்றியின் வாய்ப்பும் கூடும். அதாவது அறிவு விகிதத்தை அமைக்கிறது; தற்செயல் முடிவை அளிக்கிறது. சதுரங்கமும் பரமபதமும் இங்கே கைகோத்துக்கொள்கின்றன.

இதில் மாணவர்களுக்கு ஒரு நல்ல பாடம் உண்டு. ஒரு தாக்குதலில் ஆறில் ஒரு பங்குதான் தோல்விக்கு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். துணிந்து இறங்கலாம் என்று தோன்றும். ஆனால் உங்கள் திட்டம் இத்தகைய நான்கு தாக்குதல்களும் அடுத்தடுத்து வெல்வதை நம்பி இருந்தால்? நான்கும் வெல்லும் நிகழ்தகவு 5/6ஐ நான்கு முறை பெருக்கினால் வரும் 625/1296. அதாவது ஏறத்தாழ 48 விழுக்காடு. பாதிக்கும் குறைவு! பகடையைத் திட்டுபவர்களில் பலர், உண்மையில் தம் திட்டத்தைத்தான் திட்ட வேண்டும்.

வானிலை: இங்கேதான் குறை

சண்டையைப் பொறுத்தவரை பழைய ஆட்டங்களுக்குத் தாராளமாக மதிப்பெண் கொடுக்கலாம். வானிலையில் அவ்வாறு கொடுக்க இயலவில்லை.

1944 டிசம்பர் 16 அன்று ஜெர்மானியர் ஆர்டென் காட்டுப்பகுதியில் தாக்கினர். நேசநாட்டு விமானங்கள் பறக்க இயலாதபடி மேகமும் மூடுபனியும் சூழும் காலத்திற்காகக் காத்திருந்தே தாக்கினர். டிசம்பர் 23இல் வானம் தெளிந்தது, விமானங்கள் கிளம்பின, நிலைமை மாறியது.

இதனை ஆட்டமாக அமைப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, நாட்காட்டியைப் பின்பற்றுவது: 23 அன்று தெளிவு என்று விதியிலேயே எழுதிவிடலாம். இது வரலாற்றுக்கு உண்மையாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் நன்கு எண்ணிப் பாருங்கள். எந்த நாளில் வானம் தெளியும் என்பது ஆடுபவருக்கு ஒரு வாரம் முன்பே தெரிந்துவிடுகிறது. உண்மைத் தளபதி எவருக்கும் அந்த வரம் கிட்டவில்லை. வரலாற்றை அப்படியே நகல் எடுத்ததால் வரலாற்று மனிதரின் அறியாமை காணாமற் போகிறது!

இரண்டாவது வழி, பகடை உருட்டுவது. இது மேல். ஆயினும் ஒவ்வொரு நாளும் தனித்தனியே உருட்டச் சொல்லும் எளிய விதியில் வேறொரு பிழை உண்டு. பகடைக்கு நினைவில்லை, வானிலைக்கு உண்டு. ஒரு பெரிய காற்றழுத்த அமைப்பு வந்தால் சில நாட்கள் தங்கிவிட்டே நகரும். இன்று மேகம் என்றால், நாளையும் மேகமாக இருக்கவே வாய்ப்பு மிகுதி.

கணக்கிட்டுப் பார்ப்போம். டிசம்பர் 16இல் மேகம் சூழ்ந்துள்ளது. ஒவ்வொரு நாளும் தெளிவுக்கும் மேகத்திற்கும் சமவாய்ப்பு என்றால், அடுத்த ஆறு நாட்களும் மேகமாகவே இருக்கும் நிகழ்தகவு 1/64. நடந்த வரலாறு கிட்டத்தட்ட நடக்கவே முடியாத ஒன்றாகிவிடுகிறது. இப்போது விதியைச் சிறிது மாற்றுவோம்: பகடையில் 1 முதல் 5 வரை விழுந்தால் நேற்றைய வானிலையே நீடிக்கும், 6 விழுந்தால் மட்டுமே மாறும். நிகழ்தகவு ஏறத்தாழ 1/3 ஆக உயர்கிறது. அதே பகடை, அதே உழைப்பு. ஆனால் இயற்கைக்கு எவ்வளவு நெருங்கிவிட்டோம்!

மற்றொரு குறையும் உண்டு. ஆட்டத்தில் வானிலைப் பகடையை இருவரும் ஒருசேரப் பார்க்கிறார்கள். 1944 ஜூனில் நடந்தது அதுவன்று. நார்மண்டித் தரையிறக்கம் முதலில் ஜூன் 5க்குக் குறிக்கப்பட்டிருந்தது. புயல் வரும் என்று வானிலை அறிஞர் ஜேம்ஸ் ஸ்டாக் எச்சரித்ததால் ஐசனோவர் அதைத் தள்ளிவைத்தார். பின் 6ஆம் நாள் சிறிது நேரம் அமைதி கிட்டும் என்ற முன்னறிவிப்பை நம்பி ஆணையிட்டார். அப்பகுதியில் வானிலை பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே நகர்வது. மேற்கே அட்லாண்டிக்கில் கண்காணிக்கும் வசதி நேசநாடுகளுக்கு இருந்தது. ஜெர்மானியருக்கு மிகக் குறைவு. இந்த வானிலையில் எவரும் வரமாட்டார் என்று எண்ணிய ரோமல், மனைவியின் பிறந்த நாளுக்காக ஊருக்குச் சென்றிருந்தார். மழை இருவருக்கும் பொது. மழையைப் பற்றிய அறிவு பொதுவன்று. ரைஸ்விட்ஸின் நடுவர் இருந்திருந்தால் இதை எளிதில் காட்டியிருப்பார். பெட்டி ஆட்டங்கள் நடுவரைக் கைவிட்டபோது இதையும் இழந்தன.

பகடையைத் திருத்திய தளபதி

இனி நாம் விட்டுவைத்த வினாவுக்கு வருவோம். 1942 மே மாதத்தில் ஜப்பானியக் கடற்படையினர் யமாட்டோ என்ற கப்பலில் மிட்வே தாக்குதலை விளையாட்டாக ஒத்திகை பார்த்தனர். அதில் நடுவராக இருந்த ஒக்குமியா, பின்னர் ஃபுச்சிடாவுடன் சேர்ந்து எழுதிய நூலில் அதை விவரித்துள்ளார். மிட்வே தீவின் விமானங்கள் தாக்கியதாகப் பகடை உருட்டப்பட்டது. 9 குண்டுகள் பட்டன. அக்காகி, காகா என்ற இரு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கின. உயர் அதிகாரி உகாக்கி இதனை ஏற்கவில்லை. 9 குண்டுகளை 3 ஆகக் குறைத்தார். அக்காகி பிழைத்தது. மூழ்கிய காகாவும் அடுத்த ஒத்திகையில் மீண்டும் மிதந்தது!

1942 ஜூனில், உண்மைப் போரில், இவ்விரண்டுடன் மேலும் இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கின. அவை மீண்டும் மிதக்கவில்லை.

ஆனால் நாம் நேர்மையாகவும் பேச வேண்டும். மிட்வே தீவிலிருந்து வந்த விமானங்களின் ஒரு குண்டுகூட அக்கப்பல்களின்மீது படவில்லை. அவற்றை அழித்தவை அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள். எனவே அந்தத் தாக்குதலைக் குறைத்து மதிப்பிட்டதில் உகாக்கி தவறவில்லை என்றுகூடச் சொல்லலாம். பகடை வருங்காலத்தைக் கூறவில்லை, அது சோதிடமன்று. ‘இப்படியும் நடக்கலாம், நடந்தால் என்ன செய்வீர்?’ என்று அது கேட்டது. அக்கேள்விக்கு விடை தேடாமல் கேள்வியையே அழித்ததுதான் பிழை.

ஏக்கம் நியாயமா?

அவலான் ஹில் நிறுவனம் 1998இல் ஹாஸ்ப்ரோவுக்கு விற்கப்பட்டது. இன்று கணிப்பொறி ஆட்டங்களில் மழை பெய்கிறது, சேறு தெறிக்கிறது, காட்சிகள் கண்ணைக் கவர்கின்றன. ஆனால் எத்தனைக்கு எத்தனை வாய்ப்பு என்ற அட்டவணை பெரும்பாலும் உள்ளே மறைந்திருக்கிறது. பழைய பெட்டியிலோ அது மேசைமீது திறந்து கிடந்தது. எவரும் அதைக் கணக்கிடலாம், குறை கூறலாம், நாம் மேலே செய்ததுபோல் திருத்தவும் செய்யலாம். மாதிரி ஒன்று நல்ல அறிவியலாக இருப்பதற்கு இதைவிட முக்கியமான தகுதி வேறில்லை.

ஆகவே பழைய ஆட்டங்களுக்காக ஏங்குபவர்கள் அவற்றின் வானிலை விதிகளுக்காக ஏங்க வேண்டாம். அந்தத் திறந்த அட்டவணைக்காக ஏங்கட்டும். காய்கள் வெறும் அட்டையே என்பதையும் மறக்க வேண்டாம். போரில் காய்களுக்குத் தாய்மார் உண்டு.

வீட்டில் பகடை ஒன்று இருக்கும். ‘1 முதல் 5 வரை நேற்றுப்போல்’ என்ற விதியில் முப்பது நாட்களுக்கு உருட்டி, வானிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் ஊரின் உண்மையான முப்பது நாட்களையும் குறித்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒத்துவராத இடங்களில் விதியைத் திருத்துங்கள். வானத்தைத் திருத்த வேண்டாம்.