தமிழ்க் கிறித்தவத் தொல்நூல்கள்: எழுதியவர் யார்?

நற்செய்தி நூல்கள் நான்கும் தம்மை எழுதியவர் பெயரைச் சொல்வதில்லை. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற பெயர்கள் 2ஆம் நூற்றாண்டின் மரபு வழியாக நிலைபெற்றவை. பவுலின் பெயர் தாங்கிய 13 கடிதங்களில் ஐயமின்றி அவருடையவை என அறிஞர் பெரும்பாலோர் ஏற்பது ஏழைத்தான். எபிரெயருக்கு எழுதிய கடிதத்தில் யார் பெயரும் இல்லை. அதை எழுதியவர் யாரெனக் கடவுளுக்கே வெளிச்சம் என்று 3ஆம் நூற்றாண்டிலேயே ஓரிகன் கைவிரித்துவிட்டார். இந்தியாவைக் களமாகக் கொண்ட 'தோமாவின் பணிகள்' என்ற நூலின் கதையும் இதுவே. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எடெஸ்ஸா வட்டாரத்தில், சிரியாக் மொழியில் எழுந்தது என்பதற்கு மேல் ஆசிரியரைப் பற்றி உறுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்நூல் குறிப்பிடும் கொந்தபரன் என்ற அரசனின் நாணயங்கள் 19ஆம் நூற்றாண்டில் கிடைத்தன. அவை அரசன் இருந்ததைக் காட்டின. கதை நடந்ததைக் காட்டவில்லை.

தமிழில் எழுந்த கிறித்தவ நூல்களை ஆராய்பவருக்கு ஒரு வசதி உண்டு. இவை அச்சுக்காலத்தில் பிறந்தவை. துறவிகளின் கடிதங்களும் ஆண்டறிக்கைகளும் உரோமையிலும் லிஸ்பனிலும் பாதுகாப்பாக உள்ளன. அப்படியிருந்தும் ஆசிரியர் சிக்கல் தீரவில்லை. காரணம் ஆவணக் குறைவு அல்ல. ஒரு நூலுக்குப் பின்னால் பல கைகள் இருக்க, பெயர் மட்டும் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்ததுதான்.

1554இல் லிஸ்பனில் அச்சான 'கார்த்தில்யா' இதற்கு நல்ல தொடக்கம். சிவப்பும் கறுப்புமாக இரு மையில் அச்சிட்ட சிறு செப நூல் அது. தமிழ்ச் சொற்கள் உரோம எழுத்தில் ஓட, வரிகளுக்கிடையே போர்த்துக்கீசியப் பொருள் தரப்பட்டிருக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் வின்சென்ட் த நசரேத், ஜோர்ஜ் கர்வால்யு, தோமா த குருசு என்னும் மூன்று இந்தியர்கள். ஞானஸ்நானப் பெயர்களுக்குப் பின்னால் அவர்களின் வீட்டுப் பெயர் என்ன என்பது மறைந்துவிட்டது. ஆயினும் தமிழ் அச்சின் முதல் பக்கத்தில் நம்மவர் பெயர் இருப்பது சாதாரணச் செய்தியல்ல.

அடுத்த கட்டத்தின் களம் முத்துக்குளித்துறை. 1542இல் வந்த சவேரியார், இரு மொழியும் அறிந்த உள்ளூர்க்காரர்களைக் கூட்டிவைத்துச் செபங்களைத் தமிழாக்கச் செய்து மனப்பாடம் பண்ணிக்கொண்டார். இதை அவரே தம் கடிதத்தில் எழுதுகிறார். அந்த உள்ளூர்க்காரர்களின் பெயர்கள் கடிதத்தில் இல்லை. அவருக்குப் பின் வந்த அண்டிரிக்கி அடிகளார் என்ற என்றிக்கே என்றிக்கஸ், தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலை இருப்பிடமாக்கித் தமிழை முறையாகக் கற்றார். 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' அவர் பெயரால் வழங்குகிறது. அந்த மொழிபெயர்ப்பில் மானுவேல் த சான் பேத்ரோ என்ற இன்னொரு பாதிரியாருக்கும் பங்குண்டு. இந்த இரண்டாம் பெயர் அதிகம் அறியப்படவில்லை. 1586இல் வந்த 'அடியார் வரலாறு' 600 பக்கத்தைத் தாண்டிய பெருநூல். புன்னைக்காயலில் அச்சானது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் அக்கடற்கரைப் பரதவர். மறந்துபோன இந்நூல்களை 1950களில் ஐரோப்பிய நூலகங்களிலிருந்து தமிழ் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் தனிநாயகம் அடிகள்.

1606இல் மதுரை வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலிக்கு நேர்ந்தது இதற்கு மறுதலை: எழுதாத நூலும் அவர் கணக்கில் சேர்ந்தது. 'எசூர்வேதம்' என்ற பிரெஞ்சுக் கையெழுத்துப் படியை 1760இல் பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் வோல்த்தேர், கிறித்தவத்துக்கு முந்திய இந்திய ஞானம் எனக் கொண்டாடினார். 1778இல் அது அச்சேறியது. புதுச்சேரி இயேசு சபை இல்லத்தில் அதன் கையெழுத்துப் படிகளைப் பார்த்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எல்லிஸ், அது பாதிரிமார் ஆக்கமே என்று ஒரு கட்டுரையில் காட்டினார். அவர் இறந்த பின் 1822இல் அந்தக் கட்டுரை வெளியாயிற்று. அப்போது உள்ளூர்ப் பேச்சை ஒட்டிப் பழி நொபிலியின் தலையில் விழுந்தது. லூடோ ரோஷே 1984இல் வெளியிட்ட ஆய்வு, மூலமே பிரெஞ்சு என்றும் எழுதியவர் பெயர் தெரியாத பிரெஞ்சுத் துறவி என்றும் முடித்தது. நொபிலியோ 1656இல் இறந்த இத்தாலியர். அவருடைய உண்மையான தமிழ் உரைநடை நூல்களைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தவர் அறிஞர் ச. இராசமாணிக்கம். நொபிலி பற்றிய அவரது ஆங்கில நூல் 1972இல் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியிலிருந்து வெளிவந்தது.

சர்ச்சை சூடாக இருப்பது தேம்பாவணியில். 1711இல் மதுரைப் பணிக்களத்துக்கு வந்து, காமநாயக்கன்பட்டி முதலிய ஊர்களில் பணியாற்றிய இத்தாலியரான வீரமாமுனிவர், 1726இல் 3,615 பாடல்கள் கொண்ட அந்தக் காப்பியத்தை முடித்தார் என்பதே பலருக்கு நம்பும்படியாக இல்லை. அவருடைய ஆசிரியர் சுப்பிரதீபக் கவிராயரே பாடிக் கொடுத்தார் என்ற பேச்சு அப்படித்தான் கிளம்பியது. கவிராயர் சாதாரணப் புலவரல்லர். கூளப்பநாயக்கன் விறலிவிடு தூது அவருடையது. யாப்பிலும் சொல்லிலும் அவர் திருத்தியிருக்கலாம்; ஆசிரியரிடம் காட்டித் திருத்தி வாங்குவது புலவர் மரபுதான். முழு நூலும் அவருடையது என்பதற்குச் சான்று இல்லை. காப்பியத்தின் கதைப்போக்கு ஆகிரதா மரியாள் என்ற ஸ்பானியத் துறவி எழுதிய நூலைப் பின்பற்றுகிறது. அதைவிட வலுவான சான்று காப்பியத்துக்கு வெளியே கிடக்கிறது: கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் தனித்தனியே இலத்தீனில் இலக்கணம் எழுதியவர் இவர், தொன்னூல் விளக்கமும் 1732இல் சதுரகராதியும் தந்தவர். இத்தனையையும் இன்னொருவர் திரைமறைவில் செய்தார் என்பது ஊகத்தின் எல்லையைக் கடந்த கூற்று.

இந்தக் குழப்பத்தில் அபிமானிகளுக்கும் பங்குண்டு. 1822இல் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வீரமாமுனிவர் சரித்திரம் செவிவழிச் செய்திகளைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்டது. பெஸ் அடிகளார் 1918இல் இயேசு சபை ஆவணங்களை வைத்து அவற்றில் பலவற்றைக் கழித்துக் கட்டினார். முனிவர் மணப்பாட்டில் இறந்தார் என்ற பழைய கூற்றும் நிற்கவில்லை. 1747இல் அம்பழக்காட்டில் இறந்தார் என்பதே இன்று ஏற்கப்படுகிறது.

வாய்மொழிக்கும் ஆவணத்துக்கும் உள்ள இந்த உறவைப் பார்க்க வள்ளியூரை அடுத்த வடக்கன்குளத்துக்குப் போனால் போதும். 1745 மே 14இல் அங்கே புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்ற நீலகண்ட பிள்ளை, தேவசகாயம் ஆனார். 1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டார். கொச்சி ஆயர் 1756இல் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் இந்தச் சாவு பதிவாகியிருக்கிறது. அவரைப் பற்றி ஊர்களில் வழங்கிய நாடகமும் கதைப்பாட்டுமோ கைமாறக் கைமாற வளர்ந்தவை. அவற்றுக்கு ஒரே ஆசிரியரைத் தேடுவது வீண்வேலை. எந்தப் பகுதி எப்போது சேர்ந்தது என்று கேட்பதே பயன் தரும்.

19ஆம் நூற்றாண்டில் சிக்கல் விவிலிய மொழிபெயர்ப்புக்கு மாறுகிறது. பாளையங்கோட்டை இரேனியஸ் தம் புதிய ஏற்பாட்டை 1833இல் முடித்தார். பின்னர் பவர் தலைமையில் கூடிய திருத்தக் குழுவில் இடையன்குடி கால்டுவெல்லும் இருந்தார். இவர்களுக்குத் துணைநின்ற தமிழ்ப் புலவர்கள் பெரும்பாலும் 'முன்ஷி' என்ற பதவிப் பெயருக்குள் அடங்கிப்போனார்கள். விதிவிலக்காகப் பெயர் தப்பியவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். அதுவும் சைவத்துக்காக அவர் பின்னாளில் பெற்ற புகழால். பெர்சிவல் பாதிரியாரோடு அவர் உழைத்த மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சாகி, பெர்சிவல் பெயராலும் வழங்குகிறது. இத்தகைய நூல்களுக்கு நூலகப் பட்டியலில் ஒற்றை ஆசிரியர் பெயரைப் போடுவது பிழையான பதிவு. துணைநின்ற தமிழர் பெயர் எங்கெல்லாம் தெரிகிறதோ அங்கெல்லாம் அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.