பேர் தெரியாத புத்தகம்

புத்தகத்தைத் தேடணும்னா அதன் பேரும் எழுதியவர் பேரும் வேணும் என்கிறது நூலகம். அட்டை கிழிந்து, முதல் பக்கம் போய், கைமாறி வந்ததைப் படித்தவர்களுக்கு அது ஏது? என்னிடம் மிஞ்சியது இவ்வளவுதான்: மேட்டுல ரெண்டு நெட்டை மரம், குதிரை லாயத்துல பள்ளிக்கூடம், பனி ஆத்துல பிள்ளைங்களத் தூக்கிக் கடத்துற வாத்தியார். கேட்டுக் கேட்டுத்தான் பேர் தெரிந்தது. சிங்கிஸ் ஐத்மாத்தவ் 1962இல் எழுதிய 'முதல் ஆசிரியர்'.

1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில் ராஜகுமாரனும் வேதாளமும் உண்டு. சேரிப்பிள்ளை பள்ளிக்கூடம் போகும் கதை எதுவும் என் கைக்கு வரவில்லை. கிர்கீசிய லாயம்தான் வந்தது. அதனால்தான் பேர் போயும் லாயம் தங்கியது.

மறுபடி படிக்கையில் உறைத்தது, கதையே மறதியைப் பற்றியதுதான். புதுப் பள்ளித் திறப்பு விழாவில் பேரறிஞர் அல்தினாய்க்கு மரியாதை. அவளுக்கு எழுத்தறிவித்த தூய்ஷேன் இப்போது தபால்காரர். வாழ்த்துத் தந்திகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார். அரைகுறை எழுத்தறிவோடு பாடம் நடத்தியவர் என்று விருந்தில் சிரிக்கிறார்கள். அல்தினாயால் அங்கே இருக்க முடியவில்லை.

நம் இலக்கிய வரலாறும் அந்த விருந்துதான். அது பேர்களின் வரிசை; பேர் தெரியாமல் படித்தவர்களுக்கு அதில் இடமில்லை. தலித் வாசிப்பின் வரலாறு எழுதப்படுமானால், யார் எழுதினார் என்பதோடு நிற்கக் கூடாது. நம்மை ஆற்றைக் கடத்திவிட்டது யார் என்றும் அது கேட்க வேண்டும்.