துணிக் கடல்

எச்.பி.லவ்கிராஃப்ட் 1926இல் எழுதிய ‘தி கால் ஆஃப் கதுலு’ கதையை 2005இல் ஆண்ட்ரூ லெமன் படமாக்கினார். கையில் பெரிய பணமில்லை. அதனால் கதை பிறந்த காலத்துக்கே போய்விட்டார்கள்: கறுப்பு வெள்ளை, பேச்சில்லாத படம், 47 நிமிடம். எவ்வளவு நல்ல முடிவு!

கடல் வெறும் துணிதான். மினுமினுத்து அலையடிக்கிறது, அதன்மேல் பொம்மைக் கப்பல் தத்தளிக்கிறது. துணி என்று தெரிந்தே பயப்படுகிறோம். கதையில் வரும் கோணல்மாணலான கல் நகரத்தில் எது சுவர், எது தரை என்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. கதையின் அரக்கனான கதுலுவும் சின்னப் பொம்மைதான். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கையால் துளித்துளியாக நகர்த்திப் படமெடுத்திருக்கிறார்கள். அந்த வெட்டிவெட்டி நகரும் நடை உயிருள்ள எதற்கும் கிடையாது. சொல்லால் விவரிக்க முடியாதது என்று லவ்கிராஃப்ட் எழுதிய உருவத்துக்கு அதுவே சரியான நடை.