ஈரம் காயுமுன்

ரப்பர் ஸ்டாம்ப்பால் வாழ்த்து அட்டை செய்கிறவர்கள் படத்தைத்தான் மெச்சுவார்கள். என் ஓட்டு மைக்கு. சாய மை தாளுக்குள் இறங்கிச் சட்டென்று காய்ந்துவிடும். வெயில் பட்டால் வெளுக்கும். நிறமி மை தாளின் மேலேயே தங்கி, மெதுவாகக் காயும். அந்த மெத்தனம்தான் வசதி. ஈரம் இருக்கும்போதே எம்பாஸிங் பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு ஹீட் கன்னைக் காட்டினால், மங்கலாகக் கிடந்த தூள் உருகிப் பளபளவென்று புடைத்து நிற்கும். (தலைமுடி காயவைக்கும் டிரையர் வேண்டாம், தூளை ஊதித் தள்ளிவிடும்.)

ஸ்டாம்ப் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டுமென்பதில்லை. அழிரப்பரில் பிளேடால் கீறிய பொங்கல் பானை போதும். எழுத்தென்றால் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். ஆட்டாமல் நேராக அழுத்தியும் ஓரத்தில் கொஞ்சம் மை பிசிறினால், அதை நான் துடைக்கமாட்டேன்.