இரண்டு ஸ்பீக்கர், ஒரு நாற்காலி

ஸ்டீரியோவில் பாட்டுக் கேட்கும் எல்லா வீட்டிலும் ஒரு குறை உண்டு. இடது ஸ்பீக்கரின் ஒலி இடது காதோடு நிற்பதில்லை. முகத்தைச் சுற்றிக்கொண்டு வலது காதுக்கும் போய்விடுகிறது. வலது ஸ்பீக்கருக்கும் இதே கதைதான். இதைத்தான் ஒலிப்பொறியாளர்கள் கிராஸ்டாக் என்கிறார்கள். வழக்கம்போல ஸ்பீக்கர்களை 60 பாகை விரித்து வைத்தால், தப்பிய ஒலி எதிர்க் காதுக்குச் சுமார் கால் மில்லி விநாடி பிந்தி வந்து சேரும். அதனால் நடுவில் கேட்கும் பாடகரின் குரலில் 2,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழுகிறது. சொல் தெளிவுக்கு அந்தப் பகுதி ரொம்ப முக்கியம். இசையின் அகலமும் இரண்டு பெட்டிகளுக்கு இடையிலேயே அடங்கிப்போகிறது.

இதற்கான மருந்து 1960-களிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்த இருவரில் ஒருவர் கான்பூரில் பிறந்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்து, பெல் ஆய்வகத்துக்குப் போன பிஷ்ணு அடல். மற்றவர் மன்ஃபிரெட் ஷ்ரோடர். தப்பிய ஒலிக்கு நேர் எதிரான ஒலியை அடுத்த ஸ்பீக்கரிலிருந்து அனுப்பினால், காதருகே இரண்டும் கழிந்துவிடும். கழிக்க அனுப்பிய ஒலியும் மறுபக்கம் கசியுமே? அதற்கும் ஒரு திருத்தம், அந்தத் திருத்தத்துக்கும் ஒரு திருத்தம் என்று தொடர வேண்டும். நம் செல்போன் பேச்சைச் சுருக்கி அனுப்பும் கணக்கிலும் அடலின் உழைப்பு இருக்கிறது. இப்போது அவருடைய இன்னொரு யோசனையும் அதே போனில் பாட்டுக்கு வேலை செய்கிறது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

நான் பயன்படுத்துவது நியூட்ரான் மியூசிக் பிளேயர். அமெரிக்கரான ரால்ஃப் கிளாஸ்கல் வளர்த்தெடுத்த ஆம்பியோஃபோனிக்ஸ் முறையில் கிராஸ்டாக்கைக் கழிக்கும் 'ரேஸ்' வடிகட்டி அதற்குள்ளேயே இருக்கிறது. போனிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு வயர், சாதாரண புத்தக அலமாரி ஸ்பீக்கர் இரண்டு. வேறு செலவு இல்லை.

முதலில் ஸ்பீக்கர்களை நெருக்கி வைக்க வேண்டும். கேட்பவரின் பார்வையில் இரண்டுக்கும் நடுவே 20 பாகை இருந்தால் போதும். 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் இடைவெளி 70 சென்டிமீட்டர்தான் வரும். பார்க்கிறவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும், "ஏனுங்க தம்பி, ரெண்டையும் ஒட்ட வெச்சா ஸ்டீரியோ எப்படிங்க கேக்கும்?" என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். இந்தக் கோணத்தில் தாமதம் 90 மைக்ரோ விநாடி அளவுக்குக் குறைந்துவிடும், சி.டி.யின் கணக்கில் 4 சாம்பிள். தலை கொஞ்சம் அசைந்தாலும் ஒலிப்படம் கலையாமல் இருக்க இந்த நெருக்கம்தான் காரணம்.

அடுத்து அளவு பிடிப்பது. இடது சேனலில் மட்டும் இரைச்சல் ஒலியை ஓட விட்டு, கழிக்கும் ஒலியின் தாமதத்தையும் குறைப்பளவையும் மெல்ல மாற்றிக்கொண்டே வர வேண்டும். குறைப்பு 2, 3 டெசிபெல் பக்கம் வரும்போது இரைச்சல் ஸ்பீக்கரை விட்டு நகரும். சரியான புள்ளியில் இடது காதுக்கு அருகே வந்து நிற்கும். வலது பக்கமும் அப்படியே அமைந்தால் வேலை முடிந்தது.

அறை ஒத்துழைக்காவிட்டால் எதுவும் நடக்காது. கோவையை அடுத்த எங்கள் சூலூரில் வீடுகள் பெரும்பாலும் கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெறும் பூச்சுச் சுவர். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியை இந்த வடிகட்டி கழிக்காது. பவானி ஜமக்காளத்தைத் தரையில் விரித்தேன், ஓரளவுதான் பலன். இலவம்பஞ்சு மெத்தைகளைப் பக்கச் சுவர்களில் நிமிர்த்தி வைத்த பிறகுதான் ஒலிமேடை விரிந்தது. ஊரின் தறிச் சத்தம் ஓய்ந்து, விமானப்படைத் தளத்தின் தேஜஸ் விமானங்களும் பறக்காத இரவு நேரம் இதற்குத் தோது.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) போட்டேன். தந்தி வாத்தியக் கூட்டம் ஸ்பீக்கர்களைத் தாண்டி இரு தோள்களுக்கும் வெளியே பரவியது. தனி வயலின் மட்டும் நேர் எதிரே, தெளிவான ஓரங்களோடு நின்றது. காதருகே இரண்டு மைக் மாட்டி ஒரு தறிக்குடோனில் பதிந்த ஒலி இன்னும் வியப்பாக இருந்தது. நாடா அடிக்கும் ஓசை என் இடது தோளுக்குப் பக்கத்தில் கேட்டது. ஹெட்போனில் அதே பதிவு மண்டைக்குள்ளேயே சுருண்டு கிடந்தது.

பழைய மோனோ பாடல்களுக்கு இதனால் லாபமில்லை, வடிகட்டியை அணைத்துவிடலாம். தமிழில் ஸ்டீரியோவுக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் 'ப்ரியா' (1978) தொடங்கி வந்த பாடல்களில்தான் தேட வேண்டும். அதிலும் கருவிகளை இடமும் வலமுமாகக் கணினியில் தள்ளி வைத்த பாட்டைவிட, ஒரே கூடத்தில் எல்லோரும் சேர்ந்து வாசித்த பதிவும் கச்சேரிப் பதிவும் பல மடங்கு சிறக்கின்றன.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் எட்கர் ஷுவேரி உருவாக்கிய 'பாக்' மென்பொருள் இதைவிட நுட்பமானது. கேட்பவரின் காதிலேயே மைக் வைத்து அளந்து, கேமராவால் தலை அசைவையும் பின்தொடரும். ஆனால் விலையும் அதற்கேற்ப ஏறும். ஸ்பீக்கர் மாற்றப் பணம் சேர்ப்பவர்கள் அதற்கு முன் நியூட்ரான் ஆப்பின் சோதனைப் பதிப்பை ஒரு வாரக்கடைசியில் போட்டுப் பாருங்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து படம் பார்க்கும் கூடத்துக்கு மட்டும் வேண்டாம்: நடு நாற்காலிக்காரருக்குத்தான் இந்தப் பலன், பக்கத்தில் இருப்பவருக்குக் குரல் கொஞ்சம் மாறித்தான் கேட்கும்.